ஜெய்சங்கர் கையில் இருந்த ரிவால்வர்

'ரைடர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்' படத்தில் கறுப்பு உடை போட்ட ஒருவன் வாளைச் சுழற்றிச் சுழற்றி வித்தை காட்டுவான். இண்டியானா ஜோன்ஸாக வரும் ஹாரிசன் ஃபோர்டு சலிப்போடு ரிவால்வரை எடுத்து ஒரே குண்டில் கதையை முடிப்பார். 1981ல் வந்த படம். அந்த ரிவால்வரின் பூர்வீகத்தையே ரசிகர்கள் தோண்டி எடுத்து வைத்திருக்கிறார்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியின் ஹாண்ட் எஜெக்டர், இரண்டாவது மாடல். முதல் உலகப் போர் சமயத்தில் பிரிட்டிஷ் ராணுவத்துக்காக .455 அளவில் செய்த ரகம். லண்டனில் சினிமாவுக்கு ஆயுதம் வாடகைக்கு விடும் பாப்டி என்ற நிறுவனத்திலிருந்து வந்தது. முதலில் ஆறரை அங்குலமாக இருந்த பேரலை நாலு அங்குலம் சுமாருக்கு வெட்டியிருக்கிறார்கள். வெட்டியபோது போன முன் சைட்டுக்குப் பதிலாகப் புதிதாக ஒன்றை வைத்திருக்கிறார்கள்.

இதைப் படித்த நாளிலிருந்து மனசுக்குள் ஒரு கேள்வி. நம் மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களில் வந்த துப்பாக்கிகளைப் பற்றி யாராவது இப்படி ஒரு பக்கமாவது எழுதினார்களா? நான் தேடியவரை கண்ணில் படவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்.

மாடர்ன் தியேட்டர்ஸ் என்றால் சேலம் என்பார்கள், சரிதான். ஏற்காடு அடிவாரத்தில் 1935ல் ஆரம்பித்த ஸ்டூடியோ. ஆனால் அதைக் கட்டிய டி.ஆர். சுந்தரம் எங்கள் பக்கத்து ஆள். பெயருக்கு முன்னால் நிற்கும் 'டி' திருச்செங்கோடு. அன்றைக்கு அது சேலம் ஜில்லா, 1997லிருந்து நாமக்கல் மாவட்டம். இங்கிலாந்தில் லீட்ஸ் வரை போய் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவர், திரும்பி வந்து சினிமாவைக் கையில் எடுத்தார். மெட்ராஸுக்குப் போகாமல் இங்கேயே படப்பிடிப்புத் தளம், லேப், ஒலிப்பதிவு எல்லாவற்றையும் ஒரே வளாகத்தில் வைத்து, ஆட்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்து, நூறு படத்துக்கு மேல் எடுத்த கம்பெனி. 'மந்திரி குமாரி', தமிழின் முதல் கலர்ப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்', மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' எல்லாம் அங்கே பிறந்தவை. 1952ல் அமெரிக்கக் கம்பெனியோடு சேர்ந்து 'தி ஜங்கிள்' என்று ஒரு ஆங்கிலப் படமும் எடுத்தார்கள்.

சுந்தரம் 1963ல் காலமானார். அதற்குப் பிறகு வந்த படங்கள்தான் எனக்கு உயிர். 1966ல் 'இரு வல்லவர்கள்', அதே வருடம் 'வல்லவன் ஒருவன்', 1970ல் 'சி.ஐ.டி. சங்கர்'. 1962ல் 'டாக்டர் நோ' வெளிவந்து உலகம் முழுக்க ஜேம்ஸ்பாண்டு காய்ச்சல் பரவியிருந்த நேரம். நமக்கு ஜெய்சங்கர் கிடைத்தார், தென்னகத்து ஜேம்ஸ்பாண்டு என்ற பட்டத்தோடு. கோட்டு, தொப்பி, கார், கையில் துப்பாக்கி. ஏற்காடு மலைப்பாதையில் வண்டி ஓட்டும்போதெல்லாம் இந்த வளைவில் ஒரு துரத்தல் காட்சி எடுத்திருப்பார்களோ என்றுதான் இன்றைக்கும் நினைப்பு ஓடுகிறது.

அந்த ஸ்டூடியோவில் இன்று மிஞ்சியிருப்பது ரோட்டோரத்து முகப்பு வளைவு மட்டும். அரங்கப் பொருட்கள், உடைகள், டம்மி துப்பாக்கிகள் எதற்கும் ஒரு காட்சியகம் இல்லை. ஒரு படத்தின் கதையை எழுதி வைக்கிறோம், பாட்டை எழுதி வைக்கிறோம். நடிகர் கையில் இருந்த பொருளைச் செய்தவனும் ஒரு கலைஞன்தானே, அவன் வேலைக்கு ஏன் ஒரு வரிகூட இல்லை? எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

சரி, படம் பார்க்கும்போது ரிவால்வரை எப்படி அடையாளம் காண்பது? கம்பெனிப் பெயரெல்லாம் திரையில் தெரியாது. தோட்டா போட அதை எப்படித் திறக்கிறார்கள் என்று பாருங்கள். அதுவே பாதி விடை.

கட்டைவிரலால் பக்கத்தில் இருக்கும் ஒரு நெம்புகோலை அழுத்தியதும் துப்பாக்கி நடுவில் மடிந்து பேரல் கீழே சாய்ந்தால் அது பிரிட்டிஷ் பாணி, வெப்லி வகை, அல்லது அதைப் பார்த்துச் செய்த என்ஃபீல்டு. முழுக்கச் சாய்த்தால் நடுவிலிருந்து நட்சத்திரம் மாதிரி ஒரு தகடு எழும்பி ஆறு காலித் தோட்டாக்களையும் ஒரே சமயத்தில் வெளியே தள்ளிவிடும். நம் நாட்டு ராணுவம், போலீஸ், பழைய துரைமார் எல்லார் இடுப்பிலும் இருந்தது இந்த ஜாதிதான். 1915ல் வந்த வெப்லி ஆறாம் மார்க், .455 அளவு, ஒரு கிலோவுக்கு மேல் கனம். பிறகு வந்த நாலாம் மார்க் .38, கொஞ்சம் இலகு. சுதந்திரத்துக்குப் பிறகு கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை செய்து லைசென்ஸ்காரர்களுக்கு விற்கும் .32 ரிவால்வரும் இந்த நாலாம் மார்க்கின் வாரிசுதான். ஆறு தோட்டா, மூணு அங்குல பேரல், 700 கிராம்.

சிலிண்டர் மட்டும் இடப்பக்கம் கதவு மாதிரித் திறந்தால் அது அமெரிக்கப் பாணி, கோல்ட் அல்லது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன். இண்டியானா ஜோன்ஸ் ரிவால்வர் இந்த வகை. மூன்றாவது, பின்பக்கம் ஒரு சின்ன மூடியைத் திறந்து தோட்டாவை ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொன்றாகத் தள்ளி எடுக்க வேண்டிய ரகம். 1873 மாடல் கோல்ட். கௌபாய் படம் என்றாலே இதுதான். எம். கர்ணன் ஜெய்சங்கரை வைத்து 'கங்கா', 'எங்க பாட்டன் சொத்து' என்று குதிரையும் தொப்பியுமாக எடுத்தாரே, அந்தக் கதைகளுக்கு ஏற்ற துப்பாக்கி இது. இடுப்பிலிருந்து உருவும்போது பிடி கைக்குள் உருண்டு உட்காரும். அந்த வளைவுதான் அதன் அழகு.

ஜேம்ஸ்பாண்டு பற்றி ஒரு சமாச்சாரம் சொல்ல வேண்டும். பாண்டு வைத்திருப்பது வால்தர் பிபிகே என்ற குட்டிப் பிஸ்டல் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' விளம்பரப் படம் எடுக்கும் அன்று பிபிகேயைக் கொண்டுவர மறந்துவிட்டார்கள். போட்டோகிராபர் டேவிட் ஹர்ன் தன்னிடம் இருந்த ஒரு ஏர் பிஸ்டலைக் கொடுத்தார். அதுவும் வால்தர் கம்பெனிதான், ஆனால் நீளமான பேரல். ஷான் கானரி மார்பின் மேல் சாய்த்துப் பிடித்த அந்தப் போஸ் உலகப் புகழ் பெற்றுவிட்டது. ஒரு காற்றுத் துப்பாக்கியைத்தான் உலகம் பாண்டு துப்பாக்கி என்று மனசில் பதித்து வைத்திருக்கிறது. சினிமாவில் துப்பாக்கியின் வெளிக்கோடுதான் பேசும் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்கவில்லை.

வெளிக்கோட்டுக்காக மெனக்கெட்ட இன்னொருவர் இத்தாலியின் செர்ஜியோ லியோனே. 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' (1966) படத்தில் டூக்கோ ஒரு துப்பாக்கிக் கடைக்குள் நுழைந்து, நாலைந்து ரிவால்வர்களைப் பிரித்துப் போட்டு, இதிலிருந்து பேரல், அதிலிருந்து சிலிண்டர் என்று காதருகே வைத்துச் சுழற்றிக் கேட்டு, தனக்கென்று ஒன்றைச் சேர்த்துக்கொள்வான். பழைய ரிவால்வரை மாற்றிக் கட்டும் பைத்தியம் உலகத்தில் எத்தனை பேருக்கு இந்த ஒரு காட்சியால் பிடித்ததோ. அதே படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் வைத்திருப்பது 1851 நேவி கோல்ட்டை உலோகத் தோட்டாவுக்கு ஏற்றாற்போல் மாற்றிய வடிவம், பிடியில் வெள்ளிப் பாம்பு பதித்தது. கதை நடக்கும் அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் அப்படிப்பட்ட மாற்றம் இன்னும் புழக்கத்துக்கே வரவில்லை. யாரும் கவலைப்படவில்லை, பார்க்க அத்தனை நன்றாக இருந்தது. 1959ல் ஆல்டோ ஊபெர்த்தி என்பவர் இத்தாலியின் கார்தோனே என்ற ஊரில் பழைய கோல்ட்களின் நகல் செய்யத் தொடங்கியிருந்தார். கௌபாய் படங்கள் ஓட ஓட அந்த நகல் தொழிலும் வளர்ந்தது.

அமெரிக்காவில் இந்த ரசனையை ஒரு படி மேலே கொண்டுபோகிறார்கள். நூறு வயசான நிஜ ஹாண்ட் எஜெக்டரை வாங்கி, சினிமாவில் வந்த அளவுக்குப் பேரலை வெட்டி, சைட்டை மாற்றி, பிடியை மாற்றி, மைதானத்துக்கு எடுத்துப் போய்ச் சுட்டும் பார்க்கிறார்கள். வெட்டினால் என்ன ஆகும்? முன் சைட்டும் பின் சைட்டும் நெருங்கிவிடுவதால் குறியில் சின்னப் பிசகும் இலக்கில் பெரிதாகத் தெரியும். குண்டின் வேகம் குறையும், வாயில் தெறிக்கும் நெருப்பும் சத்தமும் கூடும். வெட்டிய வாய் விளிம்பு துளி கோணலாக இருந்தாலும் குண்டு ஒரு பக்கமாக இழுக்கும். ஆகவே அது கைதேர்ந்தவர்கள் வேலை.

இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1959 ஆயுதச் சட்டத்தின் ஆறாம் பிரிவு நேராகவே சொல்கிறது: அதற்கென்று தனி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியின் பேரலைக் குட்டையாக்கக் கூடாது, பொம்மைத் துப்பாக்கியை நிஜமாக்கவும் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை ஏழு வருடத்தில் ஆரம்பித்து ஆயுள் வரை போகிறது. துப்பாக்கி வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் கையில் இருந்தாலும் அதில் ரம்பம் வைக்க அந்த லைசென்ஸ் போதாது. பழுது பார்த்தாலும் இனி சுடவே முடியாது என்ற நிலையில் உள்ள பழம்பொருளுக்கு மட்டும் 45ஆம் பிரிவில் விலக்கு உண்டு. தாத்தா காலத்து ரிவால்வர் பரணில் கிடக்கிறது, துருப்பிடித்துவிட்டது, பரவாயில்லை என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். கலெக்டர் அலுவலகத்தில் ஆயுத லைசென்ஸ் பார்க்கும் பிரிவில் கேட்டுவிடுங்கள்.

சட்டம் அனுமதித்தாலும் நான் ஒரு பழைய வெப்லியை வெட்ட மாட்டேன். நூறு வருடம் தாங்கி வந்த ஒரு பொருளை, சினிமாவில் சில நொடி வந்ததைப் போல ஆக்குவதற்காகத் திரும்ப ஒட்ட முடியாதபடி அறுப்பது எனக்கு ஒப்பவில்லை. வடிவம்தானே வேண்டும்? அதைப் புதிதாகச் செய்யலாம். சுடாத நகல், உள்ளே எந்த வேலையும் இல்லாத நகல். அதைத்தான் நான் செய்தேன்.

நாமக்கல்லில் பட்டறைக்குப் பஞ்சமா? லாரி பாடி கட்டும் ஊர் இது. அறுக்க, வளைக்க, கடைய, பெயின்ட் அடிக்க ரோட்டுக்கு ரோடு ஆள் உண்டு. எனக்குத் தெரிந்த லேத்காரர் ஒருவர் இருக்கிறார், வயதில் மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். படத்தை விரித்துக் காட்டியதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, இது வெடிக்குமுங்களா?"

"வெடிக்காதுங்ணா. உள்ள ஒண்ணுமே கெடயாது. முழு அலுமினிய ராடு."

"அப்பச் சரிங்க. பேரல்ல ஓட்டை மட்டும் போடச் சொல்லிராதீங்க. கொல்லிமலையில நாட்டுத் துப்பாக்கி புடிச்சாங்கன்னு பேப்பர்ல வந்தாலே, எவன் கடைஞ்சு குடுத்தான்னு தேடிட்டு வருவாங்களேன்னு எனக்கு வவுத்தக் கலக்கும்."

அவர் சொன்னது நியாயம். லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளைப் போலீஸ் பிடிப்பதும், தாங்களே வந்து ஒப்படையுங்கள் என்று அறிவிப்பதும் எங்கள் மாவட்டத்துக்குப் புதிதல்ல. ஓட்டையே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வாயில் மட்டும் விரல் நுனி உட்காரும் அளவுக்கு ஒரு ஆழமில்லாத குழி. அதற்குள் கறுப்பு அடித்துவிட்டால் கேமராவுக்கு அது துளைதான்.

கஷ்டம் எல்லாம் சிலிண்டரில் இருந்தது. ரிவால்வரைப் பார்த்ததும் கண் முதலில் போவது அங்கேதான். சுற்றிலும் ஆறு பள்ளங்கள், 60 டிகிரிக்கு ஒன்று. அண்ணன் டிவைடிங் ஹெட்டில் ராடை மாட்டி, ஒரு பள்ளம் வெட்டி, கைப்பிடியைச் சுழற்றி, அடுத்த பள்ளம். ஒவ்வொன்றிலும் கால் டிகிரி தப்பினாலும் அது சேர்ந்துகொண்டே வந்து ஆறாவது பள்ளத்துக்கும் முதலாவதுக்கும் நடுவில் விடும் மேட்டில் வந்து நிற்கும், மற்ற ஐந்து மேடுகளைவிட அது ஒல்லியாகவோ தடியாகவோ இருக்கும். ஒவ்வொரு வெட்டு முடிந்ததும் கூலன்ட் எண்ணெயை வழித்துவிட்டு வெர்னியரை வைத்துப் பார்த்தார். கடைசி மேட்டை அளந்துவிட்டு, எதுவும் பேசாமல் வெர்னியரை என் பக்கம் நீட்டினார். ஆறும் ஒரே அளவு. இவர் இன்னொரு காலத்தில் ஏற்காடு அடிவாரத்தில் மாதச் சம்பளத்துக்கு இருந்திருக்க வேண்டிய ஆள் என்று எனக்குப் பட்டது.

உடம்பை அலுமினியக் கட்டையில் அரம் வைத்தே இழைத்தேன். பிடிக்குத் தேக்கு. கனம்தான் அடுத்த பிரச்சினை. அலுமினியம் இரும்பில் மூன்றில் ஒரு பங்கு எடைதான். இலகுவான துப்பாக்கியைக் கையில் கொடுத்தால் மணிக்கட்டு பொய் சொல்லும், திரையில் கை அனாவசியமாக வீசும். பிடிக்குள் ஈயக்கட்டி வைத்துக் கான்பூர் ரிவால்வரின் 700 கிராமுக்குக் கொண்டுவந்தேன். ஈயத்தை எங்கே வைப்பது என்பதிலும் சூட்சுமம் உண்டு. நிஜ ரிவால்வரின் கனம் சிலிண்டருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கும், அதனால் முடிந்தவரை மேலே தள்ளி வைக்க வேண்டும்.

கடைசியில் நிறம். மேட் கறுப்பு அடித்து முழுக்கக் காயவிட்டு, பென்சில் முனையைப் பொடித்த கிராஃபைட்டைக் கட்டைவிரலால் தேய்க்க வேண்டும். பெயின்ட்டாக இருந்தது ஐந்து நிமிடத்தில் எஃகாக மாறும். பழசாகக் காட்ட எல்லா இடத்திலும் எமரி போடக் கூடாது. உறையில் போட்டு எடுக்கும்போது உரசும் இடங்கள் என்று சில உண்டு: பேரல் வாயின் விளிம்பு, சிலிண்டரின் மேடுகள், கட்டைவிரல் தினமும் படும் அந்த நெம்புகோல். அங்கே மட்டும், அதுவும் அலுமினிய வெள்ளை எட்டிப் பார்க்காத அளவுக்கு. எஃகு தேய்ந்தால் சாம்பல் நிறம் வரும், வெள்ளை வராது.

செய்து முடித்ததைப் பூட்டுப் பெட்டியில்தான் வைத்திருக்கிறேன். வாய் முனையில் அமெரிக்காவில் பொம்மைத் துப்பாக்கிக்குப் போடுவார்களே, அது மாதிரி ஒரு ஆரஞ்சு மூடி. போட்டோ எடுக்கும்போது மட்டும் அது கழலும். பஸ்ஸில், கடைவீதியில், கல்யாண வீட்டில் வெளியே எடுக்க மாட்டேன். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு நகல் எது, நிஜம் எது என்று எப்படித் தெரியும்?

நிஜத்தைச் சுட்டுப் பார்த்த அனுபவமும் உண்டு. உறுப்பினராக உள்ள ரைஃபிள் கிளப்பில், பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, கிளப்பின் .32 கான்பூர் ரிவால்வர். ஹேமரை இழுத்து வைத்துவிட்டுச் சுட்டால் டிரிகரைத் தொட்டதும் அது விழுகிறது. இழுத்து வைக்காமல் டிரிகரையே முழுக்க இழுத்துச் சுட்டால் விரலுக்கு அத்தனை பாரம், இலக்குத் தாளில் குண்டு கீழே இறங்கி நிற்கிறது. சினிமாவில் கை வானத்துக்குத் தூக்கியடிக்குமே, அப்படி எதுவும் .32ல் நடப்பதில்லை. ஒரு சின்ன உதைப்பு, காதுக்கவசத்தையும் மீறிக் கூர்மையாக ஒரு சத்தம், அவ்வளவுதான். நம் படங்களில் அந்த 'டுமீல்' பிறகு ஒலிப்பதிவில் சேர்த்தது. அதைச் சேர்த்தவர்கள் நிஜத்தைவிடப் பெரிதாக நம் காதுக்குப் பழக்கிவிட்டார்கள். எனக்குப் பிடித்தது சுட்ட பிறகு நடப்பதுதான். நெம்புகோலை அழுத்தி மடித்ததும் ஆறு பித்தளைக் காலிகளும் ஒன்றாக எழும்பி மேஜையில் விழுந்தன. வெதுவெதுப்பாக இருந்தன, மருந்து வாசனையோடு.

படப்பிடிப்புக்குத் துப்பாக்கி செய்யும் குறும்படத் தம்பிகள் இந்தப் பக்கம் நிறையப் பேர். அவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன், சுடாத நகலோடு நின்றுவிடுங்கள். குண்டில்லாத வெறும் மருந்துத் தோட்டாதானே என்று நினைப்பது உயிரை வாங்கியிருக்கிறது. 1984ல் ஜான் எரிக் ஹெக்ஸம் என்ற இளம் நடிகர் வெற்றுத் தோட்டா போட்ட ரிவால்வரை விளையாட்டாக நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தினார். குண்டே இல்லாமல் அந்த வெடிப்பின் வேகமே அவரைக் கொன்றுவிட்டது. 1993ல் 'தி க்ரோ' படப்பிடிப்பில் புரூஸ் லீயின் மகன் பிராண்டன் லீ. முந்தைய காட்சிக்காகச் செய்த டம்மித் தோட்டாவின் ஈய முனை பேரலுக்குள் சிக்கியிருந்ததை யாரும் பார்க்கவில்லை. அடுத்த காட்சிக்கு வெற்றுத் தோட்டாவைப் போட்டுச் சுட்டதும் அது குண்டாகப் பாய்ந்தது. 2021 அக்டோபர் 21ஆம் தேதி 'ரஸ்ட்' படப்பிடிப்பில் ஒளிப்பதிவாளர் ஹலைனா ஹட்சின்ஸ் இறந்தார். பழைய கோல்ட்டின் இத்தாலிய நகல் அது, உள்ளே நிஜத் தோட்டா இருந்தது. மூன்றுமே தொழில்முறைப் படப்பிடிப்புகள். நம் ஊர் மொட்டை மாடியில் எடுக்கும் குறும்படத்துக்கு எதற்கு அந்த வம்பு? சத்தத்தையும் நெருப்பையும் எடிட்டிங்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், இன்றைக்குப் போனிலேயே முடிகிறது.

நிஜத் துப்பாக்கி என்றால், 1967 ஜனவரி 12ஆம் தேதியை நம் சினிமா மறக்கவே முடியாது. திரையில் எத்தனையோ முறை துப்பாக்கியைப் பிடித்த எம்.ஆர். ராதா அன்று எம்.ஜி.ஆரை ராமாவரம் தோட்டத்து வீட்டில் நிஜத்தில் சுட்டார். குண்டு கழுத்தில் பாய்ந்தது. எம்.ஜி.ஆர். பிழைத்தார், குரல் பழையபடி திரும்பவில்லை. அதே வருடம் வந்த 'காவல்காரன்' படத்தில் அந்த மாறிய குரலை நீங்களே கேட்கலாம்.

இப்போது அடுத்த வேலைக்கு உங்கள் உதவி வேண்டும். சேலம், நாமக்கல், திருச்செங்கோடு, ராசிபுரம் பக்கம் உங்கள் தாத்தாவோ மாமாவோ மாடர்ன் தியேட்டர்ஸில் தச்சராக, மோல்டராக, செட் ஆளாக, சண்டைக் கலைஞராக வேலை பார்த்திருக்கலாம். வீட்டில் அந்தக் காலத்து ஸ்டில் போட்டோ இருந்தால், அதில் யார் கையிலாவது துப்பாக்கி தெரிந்தால், வெளிச்சமான இடத்தில் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். மரத்தில் செய்த டம்மியே பரணில் கிடந்தால் இன்னும் நல்லது. துடைக்காதீர்கள், பெயின்ட் அடிக்காதீர்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து நேராக மேலிருந்து ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று எடுத்தால் போதும். ஸ்கேல் இருந்தால் பேரல் நீளத்தையும் சிலிண்டர் விட்டத்தையும் நான் கணக்குப் போட்டுக்கொள்வேன். செய்தவர் பெயர் தெரிந்தால், குடும்பத்தார் சம்மதித்தால், அதையும் சேர்த்து எழுதுங்கள். லேத் அண்ணன் அடுத்த அலுமினிய ராடை வாங்கி வைத்துவிட்டார்.